மன்னார்க் கடலிற் குளித்தோர் கல்வி

ஈழத்தின் வடமேற்கே, அரிப்பு முதல் மறிச்சுக்கட்டி வரையுள்ள கரை முத்துச் சலாபத்தாற் பண்டு பெரும்புகழ் பெற்றது. அதன் வருவாயும் வாணிகமும் பலராலும் எழுதப்பட்டுள்ளன. ஆயின், ஆழத்தில் இறங்கியோர் அத்தொழிலை எவ்வாறு கற்றனர், அவர்தம் தகுதியை யார் அளந்தனர் என்பன அருகியே ஆராயப்பட்டன.

கீழக்கரை, தூத்துக்குடி முதலிய துறைகளிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் குளிப்போர் வந்தனர். கல்லின்மேற் கால்வைத்துக் கயிற்றைப் பற்றி, ஐந்து முதல் ஒன்பது பாகம் வரை இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கினர். இக்கலை மூத்தோரிடமிருந்து இளையோர்க்கு வந்தது. சான்றிதழ் எதுவும் இருந்ததில்லை. சுறாவின் வாயைக் கட்டுவோராகக் கருதப்பட்ட கடற்கட்டிகள் இன்றிக் குளிப்போர் இறங்க மறுத்தமையால், ஆங்கில அரசும் அவர்களுக்கு ஊதியம் அளித்தது. அக்காலக் காப்பு மந்திரத்தையே சார்ந்திருந்தது. 1906இல் சலாபம் ஓர் இலண்டன் கம்பனிக்குக் குத்தகையாயிற்று. விரைவிலேயே பார்கள் வறிதாயின.

1943இல் பிரான்சிலே கூஸ்தோ, கஞ்ஞான் என்னும் இருவர் மூச்சுக் கருவியொன்றை ஆக்கினர். அதனால் மூழ்குங் கலையின் முதல் விதியே தலைகீழாயிற்று. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காம். ஆங்கு உருளைக் காற்றைச் சுவாசித்தவன் மூச்சடக்கி மேலெழின், அக்காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். அன்றியும், குருதியிற் கரைந்த நைதரசன் விரைந்தெழுவோனுடலிற் குமிழியாகும். படிப்படியாய் எழவேண்டிய அட்டவணையை ஹோல்டேன் 1908இலேயே வெளியிட்டிருந்தார். எனவே, பழந்திறனன்றிப் புதுக்கல்வியே தேவையாயிற்று.

அக்கல்வி விளையாட்டாக மூழ்குவோரிடையே விரைந்து வளர்ந்தது. 1953இற் பிரித்தானியச் சங்கம் எழுந்தது; 1954இல் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் பயிற்சி முறையொன்றைத் தொடங்கிற்று; 1959இல் மொனாக்கோவில் உலகக் கூட்டமைப்பும், 1966இல் அமெரிக்காவிற் பி.ஏ.டி.ஐ. நிறுவனமும் தோன்றின. பாடம், குளப் பயிற்சி, கடற் சோதனை ஆகிய மூன்றும் முடித்தவனுக்கே சான்று அட்டை வழங்கப்படுவதாயிற்று. 1956இல் ஈழத்திற் குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர்தம் நண்பர் மைக் வில்சனும் நம் கடல்களில் இக்கருவியுடன் மூழ்கினர்.

இன்று மன்னாரிற் சங்கும் கடலட்டையும் எடுப்போர் அதே உருளையைச் சுமந்து இறங்குகின்றனர். அவருட் பலர் முறையான பயிற்சி பெறாதவர். நாடோறும் பன்முறை மூழ்கி விரைந்தெழுவதாற் கால்கள் செயலிழந்தோரும் உளர். அத்தகையோர்க்கு அழுத்தச் சிகிச்சை வேண்டும்.

இன்பத்திற்காக மூழ்குபவனிடம் உலகம் சான்றிதழ் கேட்கின்றது. வயிற்றுக்காக மூழ்குபவனிடம் யாரும் கேட்பதில்லை. மீனவர் சங்கங்களும் பாடசாலைகளும் இணைந்து, ஏறுமுறை அட்டவணையைத் தமிழிற் கற்பித்தல் இயலாத செயலன்று. முத்தால் நாட்டை வளப்படுத்திய கடலோர மக்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அதுவேயாம்.