ரம் மணக்கும் செய்தியறை: ‘தி ரம் டைரி’ திரைப்படமும் புவேர்ட்டோ ரிக்கோவின் வரலாறும்

முன்னுரை

திரைப்படங்களை வரலாற்றுப் பாடத்திற்குத் துணைக்கருவியாகக் கொள்வது இன்று பரவலாகிவிட்டது. ஆயினும், திரையில் காண்பதையே வரலாறு எனக் கொள்ளும் மாணவரையும் நாம் அடிக்கடி எதிர்கொள்கிறோம். நகைச்சுவைப் படங்களில் இச்சிக்கல் கூடுதலாகும். சிரிப்பு ஐயத்தை மறக்கச் செய்கிறது. இக்கருத்தை விளக்க, புரூஸ் ராபின்சன் இயக்கி 2011ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி ரம் டைரி’ என்னும் படத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மதுவில் மூழ்கிய செய்தியாளர் சிலரைப் பற்றிய அப்படம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதை ஆராய்வதே நம் நோக்கமாகும்.

நூலும் படமும்

அமெரிக்க எழுத்தாளர் ஹண்டர் தாம்சன் 1960இல், தம் இருபத்திரண்டாம் வயதில், புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானுக்குச் சென்றார். அங்குள்ள ‘சான் ஹுவான் ஸ்டார்’ என்னும் ஆங்கில நாளிதழில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவருடைய விண்ணப்பத்தை மறுத்தவர் பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியரான வில்லியம் கென்னடி. மறுப்பில் தொடங்கிய அத்தொடர்பு நெடுநாள் நட்பாக வளர்ந்தது. தாம்சனோ விரைவில் நின்றுபோன ஒரு விளையாட்டு இதழில் பணியாற்றினார். அவ்வனுபவத்தை அடியொற்றி எழுதிய நாவல் பதிப்பகங்களால் ஏற்கப்படாமல் கிடந்து, 1998இல்தான் அச்சேறியது.

படத்தில் பால் கெம்ப் என்னும் இளைஞர் நலிந்த ஆங்கில நாளிதழ் ஒன்றில் சேர்கிறார். உடன் பணிபுரிவோர் காலையிலேயே குடிக்கத் தொடங்குகின்றனர். சாண்டர்சன் என்னும் நில வணிகர், தம் விடுதித் திட்டத்தைப் புகழ்ந்து எழுதுமாறு கெம்ப்பை அழைக்கிறார். கெம்ப் மெல்ல மெல்ல விழிப்புறுகிறார். சூதின் உண்மையை இறுதி இதழில் வெளியிட முயலும்போது அச்சு இயந்திரங்கள் பறிபோயிருக்கின்றன. கதையின் போக்கில் நேர்மை உண்டு. எனினும் தீவின் மக்கள் பெரும்பாலும் பின்னணியாகவே நிற்கின்றனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மெய்யான நாளிதழ்

திரையின் செய்தியறையை மெய்யான செய்தியறையோடு ஒப்பிடுவோம். ‘சான் ஹுவான் ஸ்டார்’ 1959இல் தொடங்கப்பெற்றது. படம் நிகழும் 1960இலேயே அத்தீவில் ஓர் அரசியல் புயல் வீசியது. அவ்வாண்டு அக்டோபரில் கத்தோலிக்க ஆயர்கள் ஒரு சுற்றுமடலை வெளியிட்டு, ஆளுநர் லூயிஸ் முனியோஸ் மரினின் கட்சிக்கு வாக்களித்தலாகாது என்று மக்களுக்கு ஆணையிட்டனர். குடும்பக் கட்டுப்பாடு, பள்ளிகளில் சமயக் கல்வி ஆகியவை பற்றிய கருத்து வேறுபாடே அதற்குக் காரணம். சான் ஹுவான், பொன்சே ஆகிய மறைமாவட்டங்களின் ஆயர்கள் இருவரும் அமெரிக்கப் பெருநிலத்தைச் சேர்ந்தவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

‘ஸ்டார்’ ஆசிரியர் வில்லியம் டோர்விலியர் இத்தலையீட்டைக் கண்டித்துத் தலையங்கங்கள் தீட்டினார். அவற்றுக்காக 1961ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசு அவருக்குக் கிட்டியது. பெரும்பான்மையோர் கத்தோலிக்கராயிருந்தும் முனியோஸ் மரின் ஏறத்தாழ 58 விழுக்காட்டு வாக்குகளுடன் வென்றார். அதே நவம்பரில் கத்தோலிக்கரான கென்னடி அமெரிக்க அதிபராகத் தேர்வு பெற்றார். 1917 முதல் அமெரிக்கக் குடிமக்களாயிருந்தும், தீவில் வாழ்வோர்க்கு அவ்வதிபர் தேர்தலில் வாக்குரிமை இல்லை. இவ்வளவு செறிந்த ஆண்டைக் கதைக்களமாகக் கொண்ட படம், செய்தியாளர்களின் மயக்கத்தையே முதன்மைப்படுத்துகிறது.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தீவின் பொதுவாழ்வு ஸ்பானிய மொழியில் நடைபெற்றது. ‘எல் முண்டோ’ முதலிய நாளிதழ்கள் அம்மொழியில் வெளிவந்தன. ஆளுநரே இதழியல் குடும்பத்தவர். அவர் தந்தை 1890இல் தொடங்கிய ‘லா டெமோகிராசியா’ இதழை அவரும் நடத்தியவர். இவ்வுலகத்திற்குத் திரையில் இடமில்லை.

ரம்மும் வளர்ச்சியும்

படத்தில் ரம் வெறும் போதைப் பொருள். வரலாற்றிலோ அது பொருளாதார ஆற்றலாகும். அமெரிக்கப் பெருநிலத்தில் விற்கப்படும் புவேர்ட்டோ ரிக்கோ ரம்மின் மீதான வரி, தீவின் கருவூலத்திற்கே திருப்பித் தரப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விஸ்கி ஆலைகள் போர்த் தேவைக்கான எரிசாராயம் வடிக்கத் திரும்பின. விஸ்கி அருகியது, ரம் விற்பனை பெருகியது. கருவூலம் நிரம்பியது. இவ்வருவாய் 1942இல் தோன்றிய தொழில் வளர்ச்சி நிறுவனத்திற்குப் பெருந்துணையாயிற்று. 1949இல் திறக்கப்பெற்ற கரிபே ஹில்டன் விடுதியைக் கட்டியதும் அந்நிறுவனமே. ஆகவே, மதுக்குவளையும் கடற்கரை விடுதியும் ஒரே வரலாற்றின் இரு முகங்கள் என்று கூறலாம்.

1947க்குப் பின் வரிச்சலுகைகள் அமெரிக்க ஆலைகளை ஈர்த்தன. 1959இல் கியூபாவில் புரட்சி வென்றதும் சுற்றுலாப் பயணியர் சான் ஹுவானை நாடினர். ஆயினும் இதே பத்தாண்டில் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பிழைப்புத் தேடிப் பெருநிலத்திற்குப் பெயர்ந்தனர். விடுதிகள் உயர்ந்த காலமும் மக்கள் ஊரை விட்டகன்ற காலமும் ஒன்றே.

வியேக்கஸ் தீவு

நாவலில் விடுதித் திட்டம் வியேக்கஸ் என்னும் சிறுதீவைச் சார்ந்தது. இது கற்பனையன்று. 1940களில் அமெரிக்கக் கடற்படை அத்தீவின் பெரும்பகுதி நிலத்தைக் கையகப்படுத்தியது. குடியிருந்தோர் இடம்பெயர்க்கப்பட்டனர். குண்டுப் பயிற்சி பல்லாண்டுகள் தொடர்ந்தது. 1999இல் குறிதவறிய குண்டால் உள்ளூர்க் காவலாளி ஒருவர் உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து எழுந்த மக்கள் போராட்டத்தின் விளைவாக 2003இல் கடற்படைப் பயிற்சி முற்றுப்பெற்றது. கதையில் ஓர் அயல்நாட்டு இளைஞரின் மனச்சான்று முன்னிற்கிறது. வரலாற்றிலோ நிலமிழந்த மக்களே போராடி வென்றனர். இவ்வேறுபாடே நம் ஆய்வின் மையமாகும்.

முடிவுரை

‘சான் ஹுவான் ஸ்டார்’ 2008இல் நின்றுபோனது. மூன்றாண்டுகள் கழித்துத் திரைக்கு வந்த படத்தால், அவ்வுலகத்தைக் குடிகாரச் செய்தியாளர் உலகமாக மட்டும் அறிந்தோர் பலர் இருக்கக்கூடும். படத்தைப் பழிப்பது நம் கருத்தன்று. அது நகைச்சுவையாக எடுக்கப்பட்டது, பேராசையைச் சாடவும் செய்கிறது. எனினும் அதனை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர் மூன்று வினாக்களை முன்வைத்தல் நன்று. கதையில் பேசுவோர் யார்? எந்த மொழியில் பேசுகின்றனர்? பேசாமல் நிற்போர் யார்? அடிமைப்பட்ட நாடு ஒன்றின் வரலாற்றை ஆண்டவர் மொழி ஏடுகளின்வழிக் கற்க நேர்ந்த எவர்க்கும் இம்மூன்றாம் வினா அயலானதன்று. அதற்கு விடை தேடும் மாணவர், திரைக்கு அப்பால் உள்ள வரலாற்றைத் தாமே கண்டடைவர்.