முகச் சீரமைப்பில் கணினிவழித் திட்டமிடல்: ஹம்பேர்க்

விபத்து, புற்றுநோய், பிறவிக் குறைபாடு ஆகியவற்றால் சிதைந்த முக எலும்பைச் சீரமைக்கும் முன், எங்கே வெட்டுவது, எதை எப்படிப் பொருத்துவது என்பதைக் கணினித் திரையிலேயே செய்து பார்த்து முடிவுசெய்யும் முறை. இதன் அடிப்படையான முப்பரிமாணப் படிமக் கலையை வளர்த்ததில் ஜெர்மனியின் ஹம்பேர்க்-எப்பென்டோர்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பெரும் பங்கு உண்டு.

தொடக்கம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹம்பேர்க்கில் தாடை, முக அறுவைச் சிகிச்சையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் கார்ல் ஷூகார்ட் (1901–1985). அக்கால அறுவையாளருக்குத் துணையாக இருந்தவை எக்ஸ்-ரே படமும் பிளாஸ்டர் பல் அச்சும் அனுபவமுமே. எக்ஸ்-ரேயில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் ஆழம் தெரியாது. 1970-களில் வந்த சி.டி. ஸ்கேன் உடலைக் குறுக்குத் துண்டுகளாகக் காட்டியது. ஆனால் அவற்றை அடுக்கி முழு உருவாகக் காண்பது மருத்துவரின் மனக்கணக்காகவே இருந்தது.

முப்பரிமாணப் படிமம்

1980-களின் முற்பகுதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மைக்கேல் வானியர், ஜெஃப்ரி மார்ஷ் குழுவினர் சி.டி. துண்டுகளிலிருந்து மண்டையோட்டின் முப்பரிமாண உருவை எழுப்பி, முக அறுவைக்குப் பயன்படுத்தினர். எப்பென்டோர்ஃபில் பணியாற்றிய கார்ல் ஹைன்ஸ் ஹோனே, ரால்ஃப் பெர்ன்ஸ்டைனுடன் இணைந்து 1986-இல் வெளியிட்ட ஆய்வு, சாம்பல் நிற அளவு மாறும் வேகத்தைக் கொண்டே எலும்பின் பரப்புக்கு ஒளிநிழல் தரும் வழியைக் காட்டியது. மெல்லிய எலும்புகளும் விரிசல்களும் இதனால் தெளிந்தன.

ஹோனேயின் குழு உருவாக்கிய மென்பொருள் 'வாக்செல்-மேன்'. வெளிப்பரப்பை மட்டும் வரையாமல், உட்பகுதி முழுவதையும் வாக்செல் என்னும் சிறு கனசதுரங்களாக இது வைத்துக்கொண்டது. ஆகவே உருவை எங்கு வெட்டினாலும் உள்ளிருப்பது தெரியும். செவியைச் சூழ்ந்த எலும்பைத் துளையிடப் பழகும் பயிற்சிக் கருவியும் இதிலிருந்து பிறந்தது.

இன்றைய நடைமுறை

ஸ்கேனிலிருந்து எலும்பு தனியே பிரிக்கப்படுகிறது. ஒரு பக்கம் சிதைந்திருந்தால், நலமான பக்கத்தின் கண்ணாடிப் பிம்பமே இலக்காகும். தாடையின் ஒரு பகுதியை அகற்றிக் கால் எலும்பால் ஈடுசெய்வதானால், இரண்டையும் வெட்டும் கோணங்கள் திரையில் முடிவாகின்றன. அதற்கேற்ற வெட்டு அச்சும் டைட்டானியத் தகடும் முப்பரிமாண அச்சில் தயாராகின்றன. 2000-களில் எப்பென்டோர்ஃப் அறுவையாளர்கள் கன்ன எலும்பு முறிவுகளைச் சரிசெய்யும்போதே முப்பரிமாண எக்ஸ்-ரே எடுத்து, எலும்பு இடத்தில் அமர்ந்ததா என்று சோதித்தனர்.

மதிப்பீடு

இம்முறை அறுவை அரங்கில் செலவாகும் நேரத்தைக் குறைக்கிறது. அந்த உழைப்பு முன்கூட்டிய தயாரிப்புக்கு மாறுகிறது. ஸ்கேனுக்குப் பின் கட்டி வளர்ந்துவிட்டால் தயாரித்த அச்சு பொருந்தாமல் போகலாம். எலும்பின் இடத்தைத் துல்லியமாகக் கணிக்கும் கணினியால், அதன்மேல் தோலும் தசையும் எப்படி அமரும் என்பதை அதே உறுதியுடன் இன்னும் சொல்ல இயலவில்லை.