இடமும் சொல்லும் – பல்கலைக் கழகங்களில் நம் மாணவர்களின் வரலாறு

ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர், எத்தனை பேர் பள்ளியில் சேர்ந்தனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்னும் கணக்கோடு பெரும்பாலும் நிறுத்திக் கொள்கின்றனர். நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அக்கணக்கைப் பார்த்து மகிழ்வது இயல்பே. ஆயினும், உள்ளே நுழைந்த மாணவன் அங்கே வாய் திறந்து பேச முடிந்ததா, கண்டதை எழுத முடிந்ததா, தன்னையொத்தவரோடு கூடி ஒரு மன்றம் அமைக்க முடிந்ததா என்பது வேறொரு கணக்கு. இக்கட்டுரையில் நாம் பார்க்கப் போவது அந்த இரண்டாவது கணக்கையே.

1913ஆம் ஆண்டு, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையைப் பெற்று அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகம் சென்றார். படித்துத் திரும்பியபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிவதாக எழுதிக் கொடுத்தே அத்தொகையைப் பெற வேண்டியிருந்தது. 1916 மே 9 அன்று, பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் தோன்றிய விதம் பற்றி அவர் ஓர் ஆய்வுரை படித்தார். வயது இருபத்தைந்து. அடுத்த ஆண்டே அவ்வுரை 'இந்தியன் ஆன்டிகுவரி' என்னும் ஆய்விதழில் அச்சேறியது. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர் சாதியின் வேரை ஆராய்ந்து பேச, அவை அமர்ந்து கேட்டது.

இருபதாண்டுகள் கழித்து நம் நாட்டில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1936இல் லாகூரில் சாதி ஒழிப்பு மாநாடு ஒன்றுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தார்கள். அழைத்தவர்களே சீர்திருத்தக்காரர்கள்தாம். உரையை முன்கூட்டிப் படித்ததும் அஞ்சினர்; சில பகுதிகளை நீக்கும்படி கேட்டனர். ஒரு சொல்லையும் மாற்ற இயலாது என்று அண்ணல் மறுத்தார். மாநாடே நடைபெறவில்லை. அவர் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு அவ்வுரையை மக்கள் முன் வைத்தார். சாதியை ஒழிக்கக் கூடிய சபையில் கிடைக்காத மேடை, அயல்நாட்டுக் கல்விக் கூடம் ஒன்றில் ஒரு மாணவருக்குக் கிடைத்திருந்தது.

அண்ணல் கொலம்பியாவில் உரை படித்த அதே 1916இல், நம் கொள்ளிடக் கரைக்கு அப்பால் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதே ஊரில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் எழுந்தது. நந்தனார் உள்ளே நுழையக் காத்துக் கிடந்த ஊரிலேயே பள்ளியும் பல்கலைக் கழகமும் அமைந்தது நினைக்கத்தக்கது.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். நம் இளைஞர்கள் இப்பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது நம் விருப்பம். இட ஒதுக்கீட்டின் வரலாறும் கருத்துரிமையின் வரலாறும் ஒரே இடத்தில், அதுவும் நம் சென்னை மாநிலத்தில், ஒன்றையொன்று சந்தித்தன.

சென்னை மாநில அரசு மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் இடங்களைப் பதினான்காகப் பகுத்து நிரப்பி வந்தது. பதினான்கில் ஆறு பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கு இரண்டு, பிராமணர்க்கு இரண்டு, அரிசனங்கள் என்று அன்று அரசாணை குறித்த நம்மவர்க்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்குமாக ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. இதனை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அரசாணை செல்லாது என்று தீர்ப்பளித்தன. மருத்துவக் கல்லூரிக்கு அவ்வம்மையார் விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. தந்தை பெரியார் தலைமையில் தமிழகம் கொதித்தெழுந்தது.

இதற்கு ஓராண்டு முன்னரே மற்றொரு வழக்கும் இங்கிருந்து தில்லி சென்றிருந்தது. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் இடதுசாரி வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையக் கூடாதென்று அரசு தடுத்தது. இதழாசிரியர் ரமேஷ் தாப்பர் வழக்காடினார். 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது.

இவ்விரண்டு தோல்விகளுக்கும் நாடாளுமன்றம் ஒரே விடை கண்டது. 1951 ஜூனில் நிறைவேறிய முதலாவது அரசியலமைப்புத் திருத்தம், 15(4) என்னும் உட்பிரிவைச் சேர்த்து நமக்குக் கல்லூரி இடங்களைக் காத்துத் தந்தது. அதே திருத்தம் 19ஆம் பிரிவில் கைவைத்து, பேச்சுரிமைக்கு விதிக்கத்தக்க கட்டுப்பாடுகளை விரிவாக்கியது. அப்போது சட்ட அமைச்சராக இருந்தவர் அண்ணலே. இரண்டு பகுதிகளையும் அவர் அவையில் ஆதரித்துப் பேசினார். நம் தலைவர் செய்தார் என்பதற்காக இதனை மறைக்க வேண்டியதில்லை. ஒரே தாளில் இடமும் கிடைத்தது, சொல்லுக்கு வேலியும் இடப்பட்டது. முன்னதை நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். பின்னதைப் பேசுவார் அரியர்.

பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி மாவட்டத்தின் வட்டங்கள். தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மேற்படிப்பு உதவித்தொகை வழங்கும் மைய அரசின் திட்டம் 1944இலேயே தொடங்கியிருந்தும், நம்மூர்ப் பிள்ளை பட்டம் படிக்கத் திருச்சிக்கோ அதற்கு அப்பாலோதான் சென்றாக வேண்டும். 1965இல் அரியலூரில் அரசு கலைக் கல்லூரி வந்த பிறகே வீட்டிலிருந்து கட்டுச்சோற்றோடு கல்லூரி செல்லும் நிலை உண்டாயிற்று. 1982இல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக் கழகம் அமைந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் புறப்படும் மகனிடம் நம் பெற்றோர் சொல்லும் அறிவுரை ஒன்றுண்டு: "யார் வம்புக்கும் போகாதே, வாயை மூடிக்கொண்டு படி." இதனைக் கோழைத்தனம் என்று நாம் எள்ளுவதில்லை. உதவித்தொகைப் படிவத்தில் ஒப்பமிடுகிறவரைப் பற்றியே முறையீடு எழுத வேண்டி வந்தால், கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய் வேறு என்ன சொல்வாள்? நம்மிடம் படித்துச் சென்ற ஒரு மாணவர், தம் கல்லூரி விடுதியில் அண்ணல் பிறந்த நாள் அறிவிப்பை ஒட்டியதற்காக, 'படிக்க வந்தாயா, கட்சி வளர்க்க வந்தாயா' என்று கேட்கப்பட்டதாகச் சொன்னார். அதே சுவரில் பண்டிகை அறிவிப்புகள் பல இருந்தனவாம்.

2014 ஏப்ரல் 14 அன்று சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் சிலர் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினர். முதலில் எழுந்த தடை பெயரைப் பற்றியதுதான். அப்பெயர்கள் மாணவரைப் பிரிக்கும் என்று கூறி மாற்றச் சொன்னார்கள், மாணவர்கள் மாற்றவில்லை. மறு ஆண்டு மைய அரசின் கொள்கைகளைக் குறை கூறும் துண்டறிக்கை ஒன்றை வட்டம் வெளியிட்டது. அதன்மேல் பெயரில்லாக் கடிதம் ஒன்று தில்லி அமைச்சகத்துக்குப் பறந்தது. அமைச்சகம் விளக்கம் கேட்டது. 2015 மே மாத இறுதியில் வட்டத்தின் ஏற்பு நீக்கப்பட்டது. விதிகளை மீறிச் சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தினர் என்பது கழகம் கூறிய காரணம். தம் தரப்பைக் கேட்காமலே முடிவெடுத்தனர் என்பது மாணவர் வாதம். கையெழுத்திட்டுப் பேசியவர்களுக்குத் தண்டனை, கையெழுத்தில்லாமல் எழுதியவருக்குச் செவி என்பது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை. தமிழகமெங்கும் பல கட்சியினரும் மாணவரும் குரல் எழுப்பினர். ஜூன் 7 அன்று ஏற்பு மீண்டும் கிடைத்தது. பிற கல்வி நிலையங்களிலும் அப்பெயர்களைத் தாங்கிய வட்டங்கள் தோன்றின.

ஐதராபாத்தில் முடிவு இவ்வாறு அமையவில்லை. அங்குள்ள மத்தியப் பல்கலைக் கழகத்தில் 1993 முதல் அம்பேத்கர் மாணவர் சங்கம் இயங்கி வந்தது. மாற்று மாணவர் அமைப்புடன் ஏற்பட்ட மோதலையொட்டி, அச்சங்கத்தைச் சேர்ந்த ஆய்வு மாணவர் ஐவர் விடுதியினின்று விலக்கப்பட்டனர். அவர்கள் வளாகத்திலேயே திறந்தவெளியில் கூடாரமிட்டு, தெலுங்கில் ஒதுக்குப்புறச் சேரியைக் குறிக்கும் 'வெலிவாடா' என்னும் பெயரை அதற்கு இட்டனர். ஐவரில் ஒருவரான ரோகித் வெமுலா 2016 சனவரி 17 அன்று உயிர் துறந்தார். அவருக்கு ஏழு மாத உதவித்தொகை நிலுவையில் இருந்தது. பணத்தை நிறுத்துவதும் பேச்சை நிறுத்துவதும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அயல்நாட்டில் சில பல்கலைக் கழகங்கள் இத்துறையில் முன் சென்றுள்ளன. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக் கழகம் 2019இலும், இருபத்து மூன்று வளாகங்களைக் கொண்டிருந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக் கழகம் 2022 சனவரியிலும், பாகுபாடு கூடாதென்னும் தம் விதிகளில் சாதி என்னும் சொல்லைச் சேர்த்தன. ஒரு சொல் விதியில் ஏறினால்தான் மாணவன் அதனைச் சொல்லி முறையிட முடியும்.

நம் அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதாவை இங்கே நினையாமல் இருக்க இயலாது. சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண். 2017இல் நீட் தேர்வு தொடர்பான வழக்கில் தாமும் ஒரு தரப்பாக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். செய்தியாளர் முன் அச்சமின்றிப் பேசினார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அவரை இழந்தோம். பல்கலைக் கழகத்துள் நுழையாமலே பேசிய குரல் அது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர் சூட்டப்படும் என்று 2023இல் தமிழக முதல்வர் அறிவித்தார்.

கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியது ஒன்று. பல்கலைக் கழக மானியக் குழு 2012இல் சமத்துவ விதிமுறைகளை வகுத்தது. கல்லூரிதோறும் சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருத்தல் வேண்டும் என்பது அதன் ஆணை. அவை ஏட்டளவில் நின்றுவிட்டன என்று கூறி, ரோகித்தின் தாயாரும், மும்பை மருத்துவ மாணவி பாயல் தட்வியின் தாயாரும் 2019இல் உச்ச நீதிமன்றம் சென்றனர். ஆகவே சேர்ந்த முதல் வாரமே அலுவலகத்தில் அவ்வலுவலர் யார் என்று கேட்டு, பெயரைக் குறித்துக் கொள்ளுங்கள். முறையீடு எதுவாயினும் எழுத்தில் கொடுங்கள். நாளிட்டு ஒரு படி கையில் இருக்கட்டும். பெற்றுக்கொண்டமைக்கு ஒப்பம் வாங்குங்கள். அதனை எழுதத் தெரியாது தயங்குவோர் ஞாயிறு காலைகளில் நம் சங்கப் படிப்பகத்துக்கு வரலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர் இருவர் அங்கே இருப்பர்.