பூந்தமல்லியின் ரவுட்டர்களும் அவற்றுள் ஓடிய மென்பொருளும்

வைணவ அடியார் திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் என்றும் பிரிட்டிஷார் காலத்துப் படைமுகாம் என்றும் அறியப்பட்ட, சென்னையின் புறநகரான பூந்தமல்லிக்கு அகலப்பட்டை இணையம் பழைய தொலைபேசிக் கம்பியின் வழியாகவே வந்தது. நடுவண் அரசின் 2004ஆம் ஆண்டுக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டையின் கீழ்வரம்பாக வகுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தொடங்கிய சேவை, பேச்சுக்காக இழுத்த செப்புக் கம்பியிலேயே தரவையும் அனுப்பும் ஏ.டி.எஸ்.எல். முறையில் இயங்கியதால், தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகமும் குறைந்தது. வீடுகள் பரந்து கிடக்கும் புறநகர்களுக்கு இது பெரிய குறை. ஆயினும் அந்தக் கால மோடத்தில் ஒரு வசதி இருந்தது. 'பிரிட்ஜ் மோட்' என்ற நிலையில் வைத்தால், கம்பியில் வரும் அலையைத் தரவாக மாற்றும் வேலையோடு அது நின்றுவிடும். அத்தரவை வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பிரித்தனுப்பும் ரவுட்டரைச் சந்தாதாரர் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் தாமே வாங்கி வந்து இணைக்கலாம். பெட்டி சொந்தமானது என்பதால்தான், அதில் எந்த மென்பொருள் ஓட வேண்டும் என்ற கேள்வியே எழ முடிந்தது.

ரவுட்டரின் நினைவகத்தில் பதிந்து அதை இயக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டரின் ஃபர்ம்வேரில் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டறிந்தனர். லினக்ஸின் ஜி.பி.எல். உரிமம், அதைச் சேர்த்து விற்பவர் மூலநிரலையும் தர வேண்டும் என்று விதிப்பதால், 2003இல் அந்நிரல் வெளியிடப்பட்டது. அதை அடித்தளமாகக் கொண்டு 2004இல் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற திறமூலத் திட்டம் பிறந்தது. 2005இல் அந்த லிங்க்சிஸ் ரவுட்டரின் ஐந்தாம் பதிப்பு லினக்ஸைக் கைவிட்டு நினைவகத்தையும் பாதியாகக் குறைத்தபோது பழைய வடிவத்துக்கு எழுந்த தேவையைக் கண்டு, லிங்க்சிஸ் நிறுவனமே அவ்வடிவத்தை வேறு பெயரில் மீண்டும் விற்க நேர்ந்தது.

திறமூல மென்பொருளின் உண்மையான கொடை, இணைய விளையாட்டாளர்கள் 'லேக்' என்று சொல்லும் தாமதத்தைப் பற்றிய ஆய்வில் விளைந்தது. தரவு சிறு பொதிகளாகப் பயணம் செய்கிறது. கம்பி தாங்கும் அளவுக்கு மேல் பொதிகள் வந்தால் மோடமோ ரவுட்டரோ அவற்றைத் தன் நினைவகத்தில் வரிசையில் நிறுத்தி வைக்கும். பதிவேற்ற வேகம் நொடிக்கு 256 கிலோபிட், வரிசைக்கு ஒதுக்கிய நினைவகம் 64 கிலோபைட் என்று கொண்டால், அவ்வரிசை நிரம்பிய பின் கடைசியில் சேரும் பொதி 2 நொடி காத்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவர் ஒளிப்படங்களைப் பதிவேற்றும்போது இன்னொருவரின் ஆட்டம் உறைந்து போனதற்குக் காரணம் இதுவே. 2002இல் இயங்கத் தொடங்கிய, சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளும் ஐ2ஐ கடலடிக் கம்பியில் ஒளி போய்த் திரும்ப ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரமே ஆகும் என்பதை எண்ணினால், கடலைவிட வீட்டுப் பெட்டியே பெருந்தடையாக இருந்தது விளங்கும். கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் இக்கோளாற்றுக்கு 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டு விளக்கினார். இணைய ஆய்வாளர்களான கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் என்ற வழிமுறை, வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் பொதி காத்திருந்த நேரத்தைப் பார்த்து நெரிசலைத் தணித்தது. அதன் வழிவந்த முறைகளைச் சோதித்துச் செம்மையாக்கும் களமாக ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. அமைந்தது. அவற்றுள் ஒன்றான 'கேக்' என்ற முறை 2018இல் லினக்ஸ் கருவிலேயே சேர்ந்தது.

கேமிங் ஃபர்ம்வேர் என்று விற்கப்படுவனவும் இம்மரபிலிருந்து பிறந்தவையே. ஏசஸ் ரவுட்டர்களின் மென்பொருள் டொமேட்டோ என்ற திறமூல ஃபர்ம்வேரிலிருந்து கிளைத்தது. 2018இல் நெட்கியர் எக்ஸ்.ஆர்.500 ரவுட்டரில் வந்த டுமா ஓ.எஸ். ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.யின் மேல் கட்டப்பட்டது. உலகப் படத்தில் ஒரு வட்டத்தை வரைந்து, தொலைவிலுள்ள சர்வர்களை விலக்கி வைக்கும் வசதி டுமாவின் தனிச்சிறப்பு, அதைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் இத்தகைய மென்பொருளுக்கு எத்தனை ஆண்டுகள் திருத்தம் வரும் என்பது விற்றவரின் விருப்பம். திறமூலத்திலோ நிரல் கையில் இருக்கும், கற்கும் உழைப்பு பயனருடையது. அதற்கும் எல்லை உண்டு: வைஃபை சில்லுகளின் இயக்கிகளை மூடி வைக்கும் நிறுவனங்களின் ரவுட்டர்களில் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. சரிவர ஓடாது, 4 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகம் மட்டுமே கொண்ட மலிவான பழைய டிபி-லிங்க் பெட்டிகளுக்கோ 19.07 பதிப்போடு ஆதரவு முடிந்தது. மெல்லிய பதிவேற்றம் கொண்ட கம்பிக்குத் திறமூலமே தக்கது என்பதில் ஐயமில்லை. கண்ணாடி இழை வந்த வீட்டில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிது.

அந்தக் கண்ணாடி இழையே இத்தேர்வைச் சுருக்கியும் விட்டது. ஜியோ ஃபைபர் 2019 செப்டம்பரில் வணிகச் சேவையாகத் தொடங்கிய பின் பரவிய இணைப்புகளில், ஒளியைத் தரவாக மாற்றும் ஓ.என்.டி. கருவியும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக நிறுவனத்தின் கையிலிருந்தே வருகின்றன. அதன் ஃபர்ம்வேரை மாற்றச் சந்தாதாரருக்கு வழியில்லை. ஆகவே இன்று அவர் முதலில் கேட்க வேண்டியது, அப்பெட்டியைப் பிரிட்ஜ் நிலையில் வைத்துத் தருவார்களா என்பதே. 2024 நவம்பரில் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. திட்டம் தன் பெயரிலேயே ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்தது. தவறான நிரலை ஏற்றி அது முடங்கினாலும், ஒரு சிறு விசையைத் தள்ளினால் தனியே காத்து வைத்த இன்னொரு ஃபிளாஷிலிருந்து எழும்படி அதை அமைத்துள்ளனர்.