தைன் ஆற்றங்கரையில் ஒரு தோல்வி

வரலாறு என்றவுடன் முடிமன்னர்களையும் போர்க்களங்களையும் உடன்படிக்கைகளையும் எண்ணுவதே நம்மிற் பலருக்கு வழக்கம். ஆயினும், ஒரு நகரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடிக் கண்டு களித்த விளையாட்டிற்கும் வரலாறு உண்டு. அதிலும் எழுச்சி உண்டு, வீழ்ச்சி உண்டு, அவ்வீழ்ச்சிக்குக் காரணம் கற்பிக்கும் கதைகளும் உண்டு. கதை வேறு, வரலாறு வேறு. இரண்டையும் பிரித்தறியும் பயிற்சியைப் பெறுதற்குப் பெரும்போர்களின் வரலாறு எவ்வளவு உதவுமோ, அவ்வளவு ஒரு காற்பந்தாட்டத்தின் வரலாறும் உதவும்.

1996ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள், இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூகாசல் நகரில், நியூகாசல் யுனைடெட் குழு தன் சொந்தத் திடலில் மான்செஸ்டர் யுனைடெட் குழுவிடம் 0-1 என்னும் கோல் கணக்கில் தோற்றது. நம் நாட்டுப் பள்ளித் திடல்களில் பந்துதைக்கும் சிறுவர்களும் இவ்விரு குழுக்களின் பெயரையும் அறிவர். அத்தோல்வியைப் பற்றி வழங்கும் கதைகளைப் புள்ளிப் பட்டியலோடு ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரமும் குழுவும்

நியூகாசல் தைன் ஆற்றின் கரையில் அமைந்த நகரம். நிலக்கரியாலும் கப்பல் கட்டும் தொழிலாலும் புகழ்பெற்றது. ஸ்டீபன்சன் நிறுவிய இரயில் எந்திரத் தொழிற்சாலை 1823இல் இந்நகரில்தான் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தொழில்கள் ஒவ்வொன்றாக நலிந்தன. நகரையடுத்த வால்சென்டில் இருந்த சுவான் ஹன்டர் கப்பல் கட்டுந்தளமும் 1993இல் கடனில் மூழ்கிப் பிறர் பொறுப்பிற்குச் சென்றது. தொழில் குன்றிய ஊரில் மக்களின் பெருமிதம் ஒதுங்க இடம் தேடியபோது, நகரின் நடுவே மேட்டில் நிற்கும் செயின்ட் ஜேம்ஸ் பார்க் திடலே அவ்விடமாயிற்று.

இக்குழு இங்கிலாந்தின் லீக் பட்டத்தை இறுதியாக வென்றது 1927இல். எப்.ஏ. கிண்ணத்தை 1951, 1952, 1955 ஆகிய ஆண்டுகளில் வென்றது. அதன்பின் நெடுங்காலம் உள்நாட்டுப் பெருங்கிண்ணம் எதுவும் ஊருக்கு வரவில்லை. 1992 பிப்ரவரியில் கெவின் கீகன் மேலாளராகப் பொறுப்பேற்றபோது, குழு இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு இறங்கும் இடுக்கணில் இருந்தது. மூன்றாம் படிக்கு அக்குழு அதற்குமுன் இறங்கியதில்லை.

கீகன் அக்குழுவைக் காத்தார். 1993இல் இரண்டாம் படியின் முதலிடம் பெற்று மேலேறச் செய்தார். அடுத்த பருவத்தில் குழு மூன்றாம் இடம் பெற்றது. 1995ஆம் ஆண்டின் கோடையில் லெஸ் பெர்டினாண்ட், டேவிட் ஜினோலா முதலிய ஆட்டக்காரர்களைப் பொருள் கொடுத்துச் சேர்த்தார். பீட்டர் பியர்ட்ஸ்லி தலைமையேற்றார். முதல் பத்து லீக் ஆட்டங்களில் ஒன்பதை வென்று, எதிரியின் கோல் முனையை நோக்கியே ஓடும் ஆட்டத்தால் நாடெங்கும் அக்குழு நற்பெயர் பெற்றது.

1996 சனவரி 20ஆம் நாள் போல்டன் குழுவை வென்றபோது, 23 ஆட்டங்களில் நியூகாசல் பெற்றிருந்த புள்ளிகள் 54. மான்செஸ்டரும் 23 ஆட்டங்களை ஆடியிருந்தது. அதன் புள்ளிகள் 42. இடைவெளி 12 புள்ளிகள். எஞ்சியவை 15 ஆட்டங்களே. அறுபத்தொன்பது ஆண்டுக் காத்திருப்பு முடிந்ததென்று ஊர் நம்பியதில் வியப்பில்லை.

அந்தத் திங்கட்கிழமை இரவு

ஆனால், மார்ச்சு 4ஆம் நாள் இரு குழுக்களும் களமிறங்குமுன்னரே நிலைமை மாறிவிட்டிருந்தது. மான்செஸ்டர் தொடர்ந்து ஐந்து லீக் ஆட்டங்களை வென்று 57 புள்ளிகளுக்கு உயர்ந்திருந்தது. நியூகாசல், வெஸ்ட் ஹாம் குழுவிடம் 0-2 எனத் தோற்று, மான்செஸ்டர் சிட்டியுடன் 3-3 எனச் சமன் கண்டு, 61 புள்ளிகளில் நின்றது. 12 புள்ளி இடைவெளி 4 புள்ளியாகக் குறுகிவிட்டது. எனவே, பெரும் முன்னிலையை ஓர் இரவில் இழந்தனர் என்னும் கூற்று பொருந்தாது. மூன்றில் இரண்டு பங்கு முன்னரே கரைந்துவிட்டது.

அன்றைய ஆட்டத்தின் முற்பகுதி முழுவதும் நியூகாசலின் கையிலேயே இருந்தது. பெர்டினாண்ட் இருமுறை கோலை நெருங்கினார். இருமுறையும் மான்செஸ்டரின் கோல் காவலர் பீட்டர் ஷ்மைக்கல் தடுத்தார். பிலிப் ஆல்பர்ட் உதைத்த தனியுதை குறுக்குக் கம்பத்தில் மோதி மீண்டது. அலையெனப் பெருகிய தாக்குதல்கள் அனைத்தும் கரையை அடையாமலே திரும்பின. இடைவேளையில் கோல் எதுவுமில்லை.

51ஆம் நிமிடத்தில், இடப்புறத்திலிருந்து இளைஞர் பில் நெவில் அனுப்பிய பந்து கோல்முனையைக் கடந்து மறுபுறம் சென்றது. அங்கே காத்திருந்த எரிக் கன்டோனா அதனைத் தரையில் விழவிடாமல் உதைத்து வலைக்குள் செலுத்தினார். அவ்வொரு கோலே ஆட்டத்தின் முடிவாயிற்று. முப்பத்தாறாயிரம் பேருக்கு மேற்பட்டோர் கூடியிருந்த திடலிலிருந்து மக்கள் வாட்டத்துடன் கலைந்தனர். இடைவெளி ஒரே புள்ளியாயிற்று. எனினும் நியூகாசலே முதலிடத்தில் இருந்தது. அதற்கு ஆட வேண்டிய ஆட்டம் ஒன்று கூடுதலாகவும் இருந்தது.

தொடர்ந்த தளர்ச்சி

அதன்பின் வெஸ்ட் ஹாமை 3-0 என வென்ற நியூகாசல், ஆர்சனலிடம் 0-2 எனத் தோற்றது. ஏப்ரல் 3ஆம் நாள் லிவர்பூல் திடலில் இருமுறை முன்னிலை பெற்றும், இறுதி நொடிகளில் ஸ்டான் காலிமோர் புகுத்திய கோலால் 3-4 எனத் தோற்றது. ஏப்ரல் 8ஆம் நாள் பிளாக்பர்ன் திடலில் 1-0 என முன்னிலை வகித்து, ஆட்டம் முடியும் தறுவாயில் இரு கோல்களை விட்டுக்கொடுத்து 1-2 எனத் தோற்றது. அவ்விரு கோல்களையும் புகுத்திய கிரகாம் பென்டன், தைன் ஆற்றங்கரையிலுள்ள வால்சென்டில் பிறந்தவர். சிறுவயது முதல் நியூகாசல் குழுவையே நேசித்தவர். தொழில் ஒருபுறமும் பிறந்த மண் மறுபுறமுமாக நின்றபோது அவர் தொழிலுக்கு உண்மையாக நடந்தார். அது பழிக்கத்தக்கதன்று.

பருவ முடிவில் மான்செஸ்டர் 82 புள்ளிகளும், நியூகாசல் 78 புள்ளிகளும் பெற்றன.

கதைகளும் கணக்கும்

இத்தளர்ச்சிக்கு மூன்று காரணங்களை மக்கள் இன்றளவும் கூறுவர். ஒவ்வொன்றையும் ஏட்டோடு வைத்துப் பார்ப்போம்.

நியூகாசல் தாக்கத் தெரிந்தது, காக்கத் தெரியாதது என்பது முதற்கதை. பருவம் முழுவதும் நியூகாசல் விட்டுக்கொடுத்த கோல்கள் 37. வெற்றி பெற்ற மான்செஸ்டர் விட்டுக்கொடுத்தவை 35. வேறுபாடு இரண்டே. மாறாக, தாக்குதலுக்குப் பெயர்பெற்ற நியூகாசல் புகுத்தியவை 66. மான்செஸ்டர் புகுத்தியவையோ 73. நியூகாசல் பின்தங்கியது காப்பதில் மட்டுமன்று, கோல் புகுத்துவதிலுந்தான் என்பதைக் கணக்குக் காட்டுகின்றது.

பிப்ரவரியில் பார்மா குழுவிலிருந்து வந்த கொலம்பிய நாட்டவர் பாஸ்டினோ அஸ்பிரில்யாவே குழுவின் ஒத்திசைவைக் கெடுத்தார் என்பது இரண்டாம் கதை. இவர் முதன்முதலாகக் களமிறங்கியது பிப்ரவரி 10ஆம் நாள் மிடில்ஸ்பரோ திடலில். குழு 0-1 எனப் பின்தங்கியிருந்தபோது மாற்று ஆட்டக்காரராக வந்தார்; குழு 2-1 என வென்றது. லிவர்பூல் திடலில் மூன்றாம் கோலைப் புகுத்தியவரும் இவரே. இவருக்கு இடமளிக்க வேண்டி அணியமைப்பு மாறியதும், பியர்ட்ஸ்லி வலப்புறம் நகர்ந்ததும், கீத் கில்லெஸ்பி இடமிழந்ததும் உண்மை. ஆனால், அம்மாற்றத்தைச் செய்தவர் மேலாளரேயன்றி வந்தவர் அல்லர். புதிதாய் வந்தவர்மீதும் அயலார்மீதும் பழியைச் சுமத்துவது எளிது. எளிதாய் இருப்பதனாலேயே அதனை நாம் ஐயுற வேண்டும்.

மூன்றாம் கதை, ஏப்ரல் 29ஆம் நாள் லீட்ஸ் குழுவை வென்றபின் தொலைக்காட்சியில் கீகன் சினந்து பேசியது பற்றியது. மான்செஸ்டர் மேலாளர் அலெக்ஸ் பெர்குசன் கூறிய சொற்கள் அவர் மனத்தைப் புண்படுத்தியிருந்தன. அச்சினமே பட்டத்தை இழக்கச் செய்தது என்று இன்றும் பலர் கூறுவர். அன்றிரவு நியூகாசலின் புள்ளிகள் 76. எஞ்சியவை இரண்டு ஆட்டங்கள். மான்செஸ்டரின் புள்ளிகள் 79. எஞ்சியது ஓர் ஆட்டம். மான்செஸ்டர் அதனை 3-0 என வென்றது. நியூகாசல் இரண்டையும் சமன் செய்தது. இரண்டையும் வென்றிருந்தாலும் 82க்கு 82 என்றே ஆகியிருக்கும். அப்போது கோல் வேறுபாடு முடிவு செய்யும். மான்செஸ்டரின் வேறுபாடு 38, நியூகாசலினது 29. இரண்டே ஆட்டங்களில் அப்பெரும் வேறுபாட்டை ஈடுசெய்தாலன்றிப் பட்டம் கிட்டியிராது. ஆகவே, சினம் பட்டத்தை இழக்கச் செய்யவில்லை. பட்டம் ஏறத்தாழக் கைநழுவிய பின்னரே அச்சினம் பிறந்தது. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைப்பது வரலாறு கற்போர் தவிர்க்க வேண்டிய பிழைகளுள் தலையாயது.

அங்ஙனமாயின், மார்ச்சு 4ஆம் நாள் தோல்வியின் இடம் யாது? கடைசிப் பதினைந்து ஆட்டங்களில் நியூகாசல் ஐந்தில் தோற்றது. அவற்றுள் லிவர்பூல் தோல்வியையோ பிளாக்பர்ன் தோல்வியையோ தனியே வெற்றியாக மாற்றி எண்ணினாலும் 81 புள்ளிகளே கிட்டும். மான்செஸ்டரின் 82 அதனினும் மிகுதி. மார்ச்சு 4ஆம் நாள் முடிவை மாற்றி எண்ணினால் மட்டுமே நியூகாசலுக்கு 81, மான்செஸ்டருக்கு 79 என்றாகும். அன்று சமன் செய்திருந்தாற்கூட 79க்கு 80 எனப் பட்டம் தவறியிருக்கும். நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தின் எடை அத்தகையது. இத்தகைய கற்பனைக் கணக்கு, ஏனைய நிகழ்ச்சிகள் மாறாவெனக் கொள்வது. ஆதலின் அது மெய்ப்பிப்பு ஆகாது. எனினும் ஒரு நிகழ்ச்சியின் எடையை அளந்தறிய அது துணை செய்யும்.

வலி, காலம், இடம்

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வினை மேற்கொள்வார் மூன்றையும் ஒருங்கே ஆராய வேண்டும் என்பது அவ்வரிசையால் பெறப்படும் கருத்து.

நியூகாசலின் வலியில் ஐயமில்லை. இடத்தை நோக்குவோம். சொந்தத் திடலில் அக்குழு அப்பருவத்தில் ஆடிய 19 ஆட்டங்களில் 17 வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி. அந்த ஒரே தோல்விதான் நாம் ஆராய்ந்து வருவது. அயல்திடல்களில் ஆடிய 19 ஆட்டங்களில் 7 வெற்றி, 5 சமன், 7 தோல்வி. சொந்தத் திடலில் விட்டுக்கொடுத்த கோல்கள் 9, அயல்திடலில் 28. ஊரார் முழக்கம் உடனிருந்தபோது காத்து நின்ற அணி, அம்முழக்கம் எதிராருக்கு ஆனபோது நிலைகொள்ளவில்லை.

காலத்தை நோக்கின், மான்செஸ்டரின் திறம் விளங்கும். கடைசிப் பதினைந்து ஆட்டங்களில் அது 13 வெற்றியும் ஒரு சமனும் பெற்று 40 புள்ளிகளைச் சேர்த்தது. நியூகாசல் சேர்த்தது 24. அப்பதின்மூன்று வெற்றிகளுள் ஏழு 1-0 என்னும் கணக்கிலமைந்தவை. அவ்வேழில் ஐந்து கோல்கள் கன்டோனாவினுடையவை. எட்டுத் திங்கள் தடைக்குப் பின் 1995 அக்டோபரில் மீண்டவர் அவர். பெருவெற்றிக்கு ஏங்காமல், ஒரு கோல் போதுமாயின் ஒரு கோலோடு அமைந்த குழு அது. ஆகவே, நியூகாசல் வீழ்ந்தது என்று மட்டும் எழுதுவது பாதி வரலாறு. மான்செஸ்டர் எழுந்தது என்பதையும் சேர்த்தெழுதுவதே முழு வரலாறு.

பின்னர் நிகழ்ந்தவை

1996 சூலையில் ஆலன் ஷியரரை ஒன்றரைக் கோடி பவுனுக்கு நியூகாசல் வாங்கியது. அந்நாளில் உலகில் அதுவே மிகுந்த விலை. அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாள் அதே செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் மான்செஸ்டரை 5-0 என வென்றது. எனினும் 1997 சனவரியில் கீகன் பதவி விலகினார். குழு மீண்டும் இரண்டாம் இடமே பெற்றது. 2025 மார்ச்சு 16ஆம் நாள் லீக் கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலை 2-1 என வென்று, 1955க்குப் பின் முதன்முறையாக உள்நாட்டுப் பெருங்கிண்ணம் ஒன்றை ஊருக்குக் கொணர்ந்தது. எழுபது ஆண்டுகள்! தாத்தா கண்டதைப் பெயரன் கண்டான். இடைப்பட்ட தலைமுறை காத்திருந்தே காலம் கழித்தது. லீக் பட்டமோ 1927இல் பெற்றதே இறுதியாக நிற்கின்றது.

ஒரு மாணவன் ஆண்டிறுதியில் தளரும்போதும், ஒரு சங்கம் நலியும்போதும், ஒரு சமுதாயம் பின்தங்கும்போதும் நாம் செய்வது என்ன? ஒரு நாளையோ ஒரு சொல்லையோ ஓர் ஆளையோ சுட்டிக்காட்டி, இதுவே காரணம் என்று முடித்துவிடுகிறோம். அதனால் நம் மனம் ஆறுதல் அடையலாம், நோய் தீராது. சனவரி முதலே கணக்கைப் பார்த்து வந்தவர்க்கு மார்ச்சு மாதத்துத் தோல்வி புதிராக இராது. பழி கூறுமுன் ஏட்டைப் புரட்டுதல் வேண்டும். அவ்வழக்கத்தை நம் மாணாக்கர்க்கு ஊட்டுவதற்கு, அவர்கள் விரும்பி நினைவில் வைத்திருக்கும் இத்தகைய ஆட்டங்களின் வரலாறே ஏற்ற பாடமாகும்.