சாத்தியோன் பங்கு கற்ற பாடம்

ஒரு பங்கின் வரலாற்றை எழுத முற்படும்போது, ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டிய நாள், மணிக்கூண்டு எழுந்த ஆண்டு, பணியாற்றிய குருக்களின் வரிசை ஆகியவற்றையே நாம் முதலில் தேடுகிறோம். அவை வேண்டியவையே. ஆனால் அப்பங்கின் மக்கள் அயலாரை எவ்வாறு நேசித்தார்கள் என்பது கல்வெட்டில் இடம்பெறுவதில்லை. அருமையாக அதுவும் ஏட்டில் ஏறிவிட்ட ஒரு பங்கை இந்த விழா மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு வடக்கே உள்ளது சாத்தியோன் என்னும் சிற்றூர். 1617-ஆம் ஆண்டு அங்கே பங்குத்தந்தையாக வந்தவர், உழவர் குடும்பத்தில் பிறந்து 1600-இல் குருப்பட்டம் பெற்ற வின்சென்ட் தே பவுல். ஆகஸ்டு மாதத்து ஞாயிறு ஒன்றில், அவர் திருப்பலிக்காகத் திருவுடை அணிந்துகொண்டிருந்தபோது ஒரு செய்தி வந்தது. ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் அனைவரும் நோயுற்றுக் கிடக்கின்றனர், கவனிக்க ஆளில்லை. மறையுரையில் இதை அவர் மனமுருக எடுத்துரைத்தார்.

அன்று மாலை அவ்வீட்டை நோக்கிப் புறப்பட்டவர், வழியெங்கும் பெண்கள் போவதையும் வருவதையும் கண்டார். கடும் வெயிலாதலால் சாலையோரம் அமர்ந்து களைப்பாறியவர்களும் பலர். அது ஒரு சுற்றுப்பிரகாரம் போல இருந்தது என்று பிற்காலத்தில் அவரே கூறினார்.

மகிழ்ச்சி தரும் காட்சியல்லவா? அவரும் மகிழ்ந்தார், ஆயினும் ஒரு கவலை எழுந்தது. இன்று உணவு வந்து குவிந்துவிட்டது, மிஞ்சுவது கெட்டுப்போகும். நாளைக்கு என்ன செய்வார்கள்? அம்மக்களிடம் அன்புக்குக் குறைவில்லை, ஒழுங்குக்கே குறைவு என்று கண்டார். அம்மாதம் 23-ஆம் நாளே ஊர்ப் பெண்கள் சிலரைக் கூட்டி, ஆளுக்கொரு நாளாக முறை வகுத்தார். டிசம்பர் 8-ஆம் நாள் அப்பிறரன்புச் சபை முறைப்படி நிறுவப்பட்டது.

அதன் ஒழுங்குகளைப் படித்தால் வியப்பாக இருக்கிறது. எல்லாம் சிறு காரியங்கள்! முறைக்குரிய பெண் உணவைச் சமைத்துத் தானே எடுத்துச் செல்லவேண்டும். முகமலர்ச்சியோடு நோயாளிக்கு வணக்கம் சொல்லி, துணி விரித்து, அவர் கைகளைக் கழுவி, செபம் சொல்லிப் பரிமாறவேண்டும். பெற்ற மகனுக்குச் செய்வதுபோல அனைத்தையும் செய்யவேண்டும். இன்னும் ஒன்று: துணைக்கு ஆள் உள்ளவரிடம் முதலிலும், யாருமின்றித் தனித்திருப்பவரிடம் கடைசியிலும் செல்லவேண்டும். ஏன்? அடுத்த வீட்டிற்கு ஓடவேண்டிய அவசரமின்றி அவரோடு அதிக நேரம் இருப்பதற்காக!

ஆண்டவர் சொன்ன உவமையில் வரும் நல்ல சமாரியனும் காயங்களைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. மறுநாள் சாவடிக்காரரிடம் பணம் கொடுத்து, திரும்பி வருவதாகவும் சொல்லிச் சென்றான். இரக்கம் ஒரு நாளில் எழுந்துவிடும். அன்போ மறுநாளையும் எண்ணிப் பார்க்கும்.

சாத்தியோனில் ஊன்றிய விதை மரமாயிற்று. 1633-இல் புனித லூயிசா தெ மரியாக்குடன் சேர்ந்து பிறரன்புப் புதல்வியர் சபையை வின்சென்ட் தொடங்கினார். இரு நூறு ஆண்டுகளுக்குப் பின், 1832-இல் காலரா வாட்டிய பாரிசு நகரில், திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்ற ஏளனக் கேள்வி கத்தோலிக்க மாணவர்களை நோக்கி எழுந்தது. பிரடெரிக் ஓசானாமும் தோழர்களும் வாதத்தால் மட்டும் விடை சொல்லவில்லை. 1833-இல், பிறரன்புப் புதல்வியான சகோதரி ரொசாலியின் வழிகாட்டலில் ஏழைகளின் வீடுகளுக்கே சென்றனர். இன்று உலகெங்கும் பங்குகளில் பணியாற்றும் வின்சென்ட் தே பவுல் சபை அவ்வாறு பிறந்தது. ஓசானாம் 1997-இலும், ரொசாலி 2003-இலும் முத்திப்பேறு பெற்றவர்களாக உயர்த்தப்பட்டனர்.

அன்பார்ந்த பங்கு மக்களே, துக்க வீட்டில் முதல் நாள் தெருவே கூடிவிடுகிறது. முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பின் அவ்வீட்டுக் கைம்பெண்ணை எட்டிப் பார்ப்பவர் யார்? பிள்ளைகள் வெளியூரில் இருக்க, திண்ணையில் தனித்திருக்கும் முதியவரிடம் பேசிச் செல்பவர் எத்தனை பேர்? விழாவின் தோரணங்கள் நாளை அவிழ்க்கப்படும். அதன் பின்னும் நம்மிடையே அன்பு நிலைக்க, நாமும் முறை வகுத்துக்கொள்வோம். தனித்திருப்பவர் வீட்டிற்குக் கடைசியாகச் சென்று, அவசரமின்றி அமர்ந்திருக்கும் வரத்தை இறைவன் நம் பங்கிற்கு அருள்வாராக.