வண்ணச் சதுரங்களும் சென்னைக் குமாஸ்தாவும்

விளையாட்டு வீண்பொழுது என்பர் பெரியோர் பலர். ஆயினும், ஒருவர் தனித்தோ இருவர் எதிரெதிரே அமர்ந்தோ அட்டைகளை அடுக்கி ஆடும் ஒரு விளையாட்டின் வரலாறு, நம் கணித மேதை இராமானுஜனின் வரலாற்றை அண்டி நிற்கிறது.

பெர்சி அலெக்சாண்டர் மக்மகான் 1854ஆம் ஆண்டு மால்டாத் தீவில் பிறந்தவர். பீரங்கிப் படை அதிகாரியாக 1873இல் சென்னைக்கு வந்தார். பின்னர் நோயுற்றுத் தாயகம் திரும்பிக் கணிதத்தில் ஈடுபட்டார். இவ்விளையாட்டை 1921இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார்.

ஒரு சதுரத்தை மூலைக்கு மூலை கோடிட்டு நான்கு பகுதிகளாக்கி, மூன்று வண்ணங்களால் தீட்டுவோம். திருப்பி வைத்தால் ஒன்றாகிவிடுவனவற்றை நீக்கின், வெவ்வேறு சதுரங்கள் 24 மட்டுமே. அவற்றை வரிசைக்கு ஆறாக நான்கு வரிசைகளில் அடுக்க வேண்டும். தொடும் பக்கங்கள் ஒரே வண்ணமாதல் வேண்டும். வெளிவிளிம்பு முழுவதும் ஒரே வண்ணமாதல் வேண்டும். இதற்கு ஆயிரக்கணக்கான விடைகள் உண்டென்று கணிப்பொறி காட்டியது. எனினும் கையால் ஒன்று காண்பதே அரிது! இருவராயின் மாறி மாறி வைக்கலாம். வைக்க வழியற்றவர் தோற்றவர்.

ஒன்றும் விடாமல் எண்ணி முடிக்கும் பொறுமையே இவ்விளையாட்டின் உயிர். அப்பொறுமைதான் இராமானுஜனுக்கும் துணை நின்றது. நான்கு என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். பெரிய எண்களுக்கு இவ்வகைகளின் தொகையைத் தரும் சூத்திரத்தை ஹார்டியும் இராமானுஜனும் 1918இல் வெளியிட்டனர். அது மெய்யா என்று சோதிக்க உண்மைக் கணக்கு வேண்டுமன்றோ? மக்மகான் 200 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை தந்தார். 200க்கு அவர் கண்டது 3,972,999,029,388. சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது, சிறு பின்னம் நீங்கலாக, அதே எண் வந்தது!

கேம்பிரிட்ஜ் செல்லுமுன் இராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். மேதையின் ஒளிக்கும் பொறுமையாளரின் பேரேடு சான்றாயிற்று. கூட்டிக் கழித்தே வாழ்நாளைக் கழிக்கும் நம்மனோர்க்கு இது பெருமையன்றோ! அன்பர்களே, பழைய அட்டையில் அந்த 24 சதுரங்களையும் வெட்டி வண்ணம் தீட்டி நும் மக்களிடம் கொடுங்கள். எண்ணிப் பார்க்கும் பழக்கம் இளமையிலேயே வேரூன்றட்டும்.